திட்டம் புரியாத நாட்களில் தேவனை நம்புவது

உங்கள் கேள்வியின் சாரம் இது. எட்டு மாதமாக வேலை இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். சேமிப்பு கரைந்துகொண்டே போகிறது. சபையில் பார்க்கிறவர்கள் எல்லாரும் எரேமியா 29:11-ஐச் சொல்லி, "தேவனுக்கு ஒரு திட்டம் இருக்கிறது, விசுவாசியுங்கள்" என்கிறார்கள். ஆனால் ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தையே வருவதில்லை. "என் விசுவாசம் செத்துவிட்டதா? திட்டம் என்னவென்றே தெரியாதபோது நான் எதைத்தான் நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, வேறு ஊரில் வந்திருக்கும் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளலாமா என்றும்.

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசுவாசம் சாகவில்லை. விசுவாசம் போய்விட்டவர் தேவன் பேசவில்லையே என்று தவிக்கமாட்டார். அந்தக் கதவை மூடிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பார். நீங்கள் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. எதை நம்புவது? தேவனுடைய திட்டத்தை நம்புவதென்றால், அந்தத் திட்டம் என்னவென்று எப்படியாவது கண்டுபிடித்து, அது நாம் விரும்புகிறபடியே முடியும் என்று மனதைத் தேற்றிக்கொள்வது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஒவ்வொரு சம்பவத்துக்கும் காரணம் தேடுகிறோம். ஒரு கதவு அடைபட்டால் "இதில் கர்த்தர் என்ன சொல்கிறார்?" என்று இரவெல்லாம் யோசிக்கிறோம். கஷ்டத்தைவிட இந்தத் தேடல்தான் பலரை அதிகம் களைக்க வைக்கிறது. வேதம் இந்த வேலையை நமக்குக் கொடுக்கவில்லை. "மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்" என்று மோசே தெளிவாகச் சொல்லிவிட்டார் (உபாகமம் 29:29). வெளிப்படுத்தப்பட்டவை மட்டுமே நமக்கு உரியவை. தேவன் எப்படிப்பட்டவர் என்பது நமக்கு வெளிப்படுத்தப்பட்டிருக்கிறது. அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பது வெளிப்படுத்தப்படவில்லை. நம்பிக்கை வைக்க வேண்டிய இடம் அவருடைய குணம். இதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்களிடம் எல்லாரும் சொல்லும் அந்த வசனத்திலிருந்தே தொடங்குவோம். "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இது ஒரு கடிதத்தில் வரும் வரி. கி.மு. 597-இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். வீடு, நிலம், ஆலயம் எல்லாம் பின்னால் போய்விட்டன. அந்நிய தேசத்தில் மொழியும் புரியாமல் இருந்த அந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதி அனுப்பியது அது.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் வாசித்தால்தான் விஷயம் விளங்கும். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்துவிட்டார், இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஆலயத்தில் எல்லார் முன்பாகவும் அறிவிக்கிறான். எரேமியாவின் கழுத்தில் கிடந்த மரநுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். கேட்பதற்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! எரேமியாவே முதலில் "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் சொல்கிறார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அது பொய். கர்த்தர் சொன்னது 70 வருஷம். கடிதத்தில் 29:11-க்கு நேர் முந்தின வசனத்திலேயே அந்த 70 இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது 40 வயதில் இருந்த ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்: தன் ஆயுளில் ஊர் திரும்ப முடியாது.

அப்படிப்பட்டவர்களிடம்தான் கர்த்தர், வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். அவர்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணம் அது. ஆகவே அந்த வசனம், சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதி அல்ல. சீக்கிரம் என்று சொன்னவன் அனனியா. சீக்கிரம் சரியாகாத இடத்திலும் தேவன் உங்களைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறார், அந்த நினைவில் தீமை இல்லை, ஆகையால் இந்த இடத்திலேயே வாழத் தொடங்குங்கள் என்பதுதான் அந்தக் கடிதம். இப்படிச் சொல்வதால் வசனத்தின் ஆறுதல் குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. எட்டு மாதத்திலேயே உடைந்துபோகிற ஆறுதலாக இருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 70 வருஷம் தாங்கிய ஆறுதல் இது.

யோசேப்பின் கதையையும் உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் முடிவிலிருந்து தொடங்கிச் சொல்வார்கள்: குழியிலிருந்து அரண்மனைக்கு என்று. அதை யோசேப்பு வாழ்ந்த வரிசையில் பாருங்கள். 17 வயதில் அண்ணன்மார் 20 வெள்ளிக்காசுக்கு விற்கிறார்கள். பார்வோன் முன் நிற்கும்போது வயது 30. இடையில் 13 வருஷம். குழிக்குள் அவன் அமைதியாக, "எல்லாம் கர்த்தருடைய திட்டம்" என்று உட்கார்ந்திருக்கவில்லை. பிற்பாடு அண்ணன்மாரே ஒப்புக்கொள்கிறார்கள்: அவன் கெஞ்சினான், அவனுடைய மன வியாகுலத்தைக் கண்டும் நாம் கேட்கவில்லை என்று (ஆதியாகமம் 42:21). சிறையில் பானபாத்திரக்காரனிடம், உனக்கு நன்மை நடக்கும்போது என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல்லி என்னை வெளியே எடுத்துவிடு என்று சிபாரிசு கேட்கிறான். அது அவிசுவாசம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. அந்த ஆள் மறந்துபோகிறான். இன்னும் இரண்டு வருஷம் ஓடுகிறது.

அந்த 13 வருஷத்தில் கர்த்தர் யோசேப்போடு பேசி, "இதற்காகத்தான் இதெல்லாம்" என்று விளக்கியதாக ஒரு வரி கூட இல்லை. இருப்பது வேறொரு வரி: கர்த்தர் அவனோடே இருந்தார். அவனை விலைக்கு வாங்கிய போத்திபாரின் வீட்டிலும் அதே, சிறைச்சாலையிலும் அதே. விளக்கம் கிடைக்கவில்லை, கூட இருப்பவர் கிடைத்தார். "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்" என்ற அர்த்தத்தில் அவன் பேசுவது 50-ஆம் அதிகாரத்தில், அப்பா யாக்கோபு இறந்து அடக்கம் செய்த பிறகு. அப்போதும் அவன் தீமையைத் தீமை என்றே சொல்கிறான். அண்ணன்மார் செய்தது நல்ல காரியம் என்று ஆகிவிடவில்லை. உங்களை வேலையைவிட்டு அனுப்பிய விதத்தில் அநியாயம் இருந்தால் அதை அநியாயம் என்று சொல்லலாம். தேவனுடைய திட்டத்தை நம்புகிறவர் அதைச் சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை.

இதோடு இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்கு உண்மையாக இருக்கமாட்டேன். எல்லாருக்கும் யோசேப்பின் முடிவு கிடைப்பதில்லை. அப்போஸ்தலர் 12-ஐத் திறந்தால், ஏரோது யோவானின் சகோதரனான யாக்கோபைப் பட்டயத்தால் கொலை செய்கிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து வெளியே அழைத்து வருகிறான். இருவரும் இயேசுவோடு நடந்தவர்கள். பேதுருவுக்காகச் சபை ஊக்கத்தோடு ஜெபித்தது. யாக்கோபுக்காகவும் நெஞ்சுருகாமலா இருந்திருக்கும்? ஏன் ஒருவருக்கு அப்படி, ஒருவருக்கு இப்படி என்று அதை எழுதிய லூக்கா விளக்கவே இல்லை. எபிரெயர் 11-ஆம் அதிகாரமும் இப்படித்தான். விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்று வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் பட்டியல், வசனத்தின் நடுவிலேயே "வேறுசிலர்" என்று திரும்புகிறது. அந்த வேறுசிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். விசுவாசம் குறைந்ததால் அப்படி ஆயிற்று என்று அங்கே இல்லை. இரு தரப்பாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள். அப்பா பிழைத்தால் விசுவாசம் ஜெயித்தது, பிழைக்காவிட்டால் தோற்றது என்ற கணக்கை மனதிலிருந்து எடுத்துப்போடுங்கள். அந்தக் கணக்கு பல குடும்பங்களைத் துக்கத்தோடு குற்றவுணர்ச்சியையும் சேர்த்துச் சுமக்க வைத்திருக்கிறது.

"ஏதோ பாவம் செய்திருப்போம், அதனால்தான்" என்று யாரோ சாடைமாடையாகச் சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். பிறவிக்குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதையேதான் கேட்டார்கள்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இயேசு இரண்டையும் மறுத்தார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரிலும் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ, அப்படியல்ல என்று அவரே சொன்னார். பாவத்துக்கு விளைவு உண்டு, அதை மறுக்கவில்லை. இன்ன காரியம் என்று குறிப்பாக மனசாட்சி சொன்னால் அறிக்கையிடுங்கள், மன்னிக்க அவர் உண்மையுள்ளவர். ஆனால் எதுவென்றே தெரியாமல் மேகம்போல் மூடிக்கொண்டு, சிறுநீரகம் பழுதானதற்குக்கூட உங்களைக் குற்றவாளியாக்கும் எண்ணம் பரிசுத்த ஆவியானவரிடமிருந்து வருவதல்ல.

யோபின் நண்பர்கள் செய்ததும் இதே தவறுதான். முதல் ஏழு நாள் அவர்கள் அருமையாக நடந்துகொண்டார்கள்: தரையிலே அவனோடு உட்கார்ந்தார்கள், துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். அங்கே தொடங்கியது எல்லாம். யோபு தன் பிறந்தநாளையே சபித்தான், தேவனை வழக்குக்கு அழைத்தான், முன்னே போனாலும் அவர் இல்லை, பின்னே போனாலும் அவரைக் காணேன் என்று அரற்றினான். கடைசியில் கர்த்தர் யாரைக் கடிந்துகொண்டார்? அவருக்காக வக்காலத்து வாங்கிய நண்பர்களை. "என் தாசனாகிய யோபைப்போல் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்றார். யோபின் புலம்பலைவிட அவர்களுடைய நேர்த்தியான விளக்கங்கள்தான் தேவனுக்கு வருத்தம் தந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் இரண்டு அதிகாரங்களில் பரலோகத்தில் நடந்ததை நீங்களும் நானும் வாசிக்கிறோம். யோபுக்கு அது கடைசிவரை சொல்லப்படவே இல்லை. 42 அதிகாரமும் முடிந்தபோது அவனிடம் இருந்தது காரணம் அல்ல. "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்றான். அது அவனுக்குப் போதுமாயிருந்தது.

ரோமர் 8:28-ஐயும் இப்படியே முழு அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்றால் சகலமும் நல்லது என்று அர்த்தமாகாது. அந்த நன்மை என்ன என்று அடுத்த வசனமே சொல்கிறது: தமது குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவது. முன்னைவிட நல்ல சம்பளம் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. கிடைத்தால் ஸ்தோத்திரம், ஆனால் வாக்குத்தத்தம் அதைவிடப் பெரியது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், ஏற்றபடி ஜெபிக்க இன்னதென்று அறியாதிருக்கிற நமக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று பவுல் எழுதுகிறார். ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்று சொன்னீர்களே, அந்த நிலைக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. நீங்கள் மௌனமாக உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்திலும் உங்களுக்குள்ளிருந்து ஒரு ஜெபம் பிதாவிடம் போய்க்கொண்டிருக்கிறது.

"தாங்க முடியாததைக் கர்த்தர் தரமாட்டார்" என்று சொல்கிறார்களே, அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். 1 கொரிந்தியர் 10:13-ஐ வைத்துச் சொல்வது. அந்தப் பகுதி விக்கிரகாராதனை, இச்சை, பாவத்தில் விழுவது பற்றிப் பேசுகிறது. எப்பேர்ப்பட்ட சுமையையும் நாமே தாங்கிவிடுவோம் என்று அது சொல்லவில்லை. அதே பவுல் இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், எங்கள் பலத்திற்கு மிஞ்சின பாரம் வந்தது, பிழைப்போம் என்கிற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று வெளிப்படையாக எழுதுகிறார். நம்மேல் நாம் நம்பிக்கையாயிராமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கும்படி அது நடந்தது என்கிறார். எனவே "என்னால் தாங்க முடியவில்லை" என்று சொல்வதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அப்போஸ்தலன் சொன்ன வார்த்தை அது.

சரி, தேவனுடைய குணத்தை நம்பச் சொல்கிறேன். அவர் நல்லவர் என்பதற்கு இந்த எட்டு மாதத்தில் என்ன அத்தாட்சி என்று கேட்பீர்கள். இந்த எட்டு மாதத்துக்குள் தேடினால் ஒருவேளை கிடைக்கும், ஒருவேளை கிடைக்காது. அதனால்தான் கிறிஸ்தவ விசுவாசம் தன் அத்தாட்சியை நம் சூழ்நிலையில் வைக்காமல் சிலுவையில் வைத்திருக்கிறது. தம்முடைய சொந்தக் குமாரனென்றும் பாராமல் நம்மெல்லாருக்காகவும் ஒப்புக்கொடுத்தவர், அவரோடேகூட மற்ற எல்லாவற்றையும் நமக்கு அருளாதிருப்பதெப்படி என்று பவுல் வாதாடுவது அந்த அடிப்படையில்தான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் எருசலேமில் யாரைக் கேட்டிருந்தாலும், இங்கே தேவனுடைய திட்டம் நிறைவேறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கமாட்டார்கள். எல்லாம் முடிந்துபோன காட்சி அது.

எம்மாவுக்குப் போன இரண்டு சீஷர்களை நினைத்துப் பாருங்கள். சுமார் 11 கிலோமீட்டர் தூரம், துக்கமுகமாய் நடக்கிறார்கள். கூட வந்து சேர்ந்தவர் யாரென்று தெரியாமல் அவரிடமே சொல்கிறார்கள்: இஸ்ரவேலை மீட்டிரட்சிப்பவர் இவரே என்று நம்பியிருந்தோம். நம்பியிருந்தோம், இப்போது இல்லை. இதைவிட வலிக்கிற வாக்கியம் சுவிசேஷங்களில் அதிகம் இல்லை என்று நினைக்கிறேன். அவர்கள் அதைச் சொன்ன நேரத்தில் உயிர்த்தெழுதல் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தது. உயிர்த்தெழுந்தவர் அவர்களுக்குப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அவர் உடனே தம்மைக் காட்டிவிடவும் இல்லை. அவர்கள் மனக்குறை முழுவதையும் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டார். பிறகுதான், விசுவாசிக்க இவ்வளவு மந்தமா என்று கடிந்துகொண்டு, வேதவாக்கியங்களை விவரித்தபடியே கூட நடந்தார்.

இயேசு தம் சிநேகிதன் லாசருவின் கல்லறையில் அழுததும் எனக்கு இதனாலேயே முக்கியம். சில நிமிஷங்களில் லாசரு வெளியே வரப்போகிறான் என்று தெரிந்தவர். தெரிந்தும் அழுதார். நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான் என்று மார்த்தாளும் மரியாளும் ஒருவர்பின் ஒருவராக அதையே அவரிடம் சொன்னபோது இருவரையும் அவர் கடிந்துகொள்ளவில்லை. முடிவு நல்லது என்று தெரிந்த தேவனுடைய குமாரனே நடுவழியில் அழுதார் என்றால், முடிவு தெரியாத நீங்கள் அழுவது அவிசுவாசமாகுமா? கெத்செமனேயிலும், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான், "உம்முடைய சித்தத்தின்படியே" என்றார். கேட்காமலே ஒப்புக்கொடுப்பதுதான் உயர்ந்த பக்தி என்று யார் சொன்னது? முதலில் கேளுங்கள். அப்பா சுகமாக வேண்டும், வேலை வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். அதற்குப் பிறகு ஒப்புக்கொடுப்பது வரட்டும். அது ஒரே நாளில் வரவேண்டும் என்றும் இல்லை.

இப்போது அன்றாடக் காரியங்களுக்கு வருகிறேன். எலியாவைப் பாருங்கள். சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். கர்மேல் மலையில் அக்கினியை இறக்கியவன். அவனிடம் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். பார்த்தால் தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும். சாப்பிட்டான், திரும்பப் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னான். ஓரேபில் மெல்லிய சத்தம் கேட்டதெல்லாம் அதற்குப் பிறகு. நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மாதக்கணக்கில் அரைத்தூக்கத்தில் இருப்பார்கள், நேரத்துக்குச் சாப்பிடமாட்டார்கள். அந்த உடம்பில் ஜெபம் வறண்டுபோவதை ஆவிக்குரிய வீழ்ச்சி என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் இரண்டு இரவாவது அப்பாவை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்து தூங்குங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் உங்களுக்கு வருகிறதென்றால் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைக் கட்டச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசிதான். மருந்தும் அவருடைய கையிலிருந்து வருவதே.

வேலை தேடுவதும் அப்படித்தான். நெகேமியா எழுதுவது எனக்கு மிகவும் பிடிக்கும்: நாங்கள் எங்கள் தேவனை நோக்கி ஜெபம்பண்ணி, இரவும் பகலும் ஜாமங்காக்கிறவர்களை வைத்தோம். ஜெபித்தோம், காவலும் வைத்தோம். ஒன்று இன்னொன்றைக் கெடுக்கவில்லை. விண்ணப்பம் அனுப்புங்கள், தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள், தேவைப்பட்டால் சபையில் பண உதவியும் கேளுங்கள். ஆதிச் சபை அதற்காகவே ஏழு பேரைத் தனியாக ஏற்படுத்தியது. உங்கள் நிலைமை தெரிந்து, தீர்க்கதரிசனம் சொல்கிறேன், இவ்வளவு காணிக்கை விதைத்தால் வேலை கிடைக்கும் என்று யாராவது வந்தால் மட்டும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கஷ்டத்தில் இருக்கிறவரிடம் பணம் கேட்டு விற்கப்படுவது வாக்குத்தத்தம் அல்ல. அனனியா இலவசமாகச் சொன்ன பொய்யே எவ்வளவு கேடு செய்தது!

கூட இருப்பவர்களைப் பற்றி ஒன்று. ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், மகன் உள்ளே இருந்த ஒரு தாயோடு சிலர் உட்கார்ந்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் வசனம் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், முகத்தில் எதுவும் ஏறவில்லை. சபையில் எல்லாரும் பாட்டி என்று கூப்பிடும் ஒருவர் வந்து, செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் பேச்சே இல்லை. கடைசியில், "ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணுமே புரியலப்பா. நீங்க இங்க இருங்க" என்று மட்டும் ஜெபித்தார். அந்தத் தாய் அன்றைக்கு முதல் தடவையாக வாய்விட்டு அழுதது அப்போதுதான். அந்தப் பாட்டியைப் போன்ற ஒருவர் உங்கள் சபையிலும் இருப்பார். அறிவுரை சொல்கிற பத்துப் பேரைத் தவிர்த்துவிட்டு அந்த ஒருவரைக் கண்டுபிடியுங்கள்.

ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்காகப் பாடுபட்டவர். 1931-இல் கீழே விழுந்து பலத்த காயமடைந்தார். அதன்பின் 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தன் அறையிலேயே கழித்தார்; பழையபடி நடமாட முடியவே இல்லை. அங்கிருந்தே பல புத்தகங்களை எழுதினார், அவை இன்றும் நோயாளிகளைத் தேற்றுகின்றன. அந்தப் புத்தகங்களுக்காகத்தான் அவர் விழுந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அது எனக்குச் சொல்லக் கொடுக்கப்பட்ட காரியம் அல்ல. சுகம் கிடைக்காத அறையிலும் தேவன் ஒருவரைக் கைவிடாமல் இருபது வருஷம் கூட இருக்க முடியும் என்பதை மட்டும் சொல்வேன்.

கடைசியாக, அந்த வேலை. அப்பாவை விட்டுவிட்டுப் போவதா, இருப்பதா, தேவசித்தம் எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். வேதத்தை மூடிவைத்துத் திடீரென்று திறந்து, விரல்பட்ட வசனத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கக்கடவன், அவர் யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவர் என்று யாக்கோபு நிருபம் சொல்கிறது. அந்த ஞானம் பெரும்பாலும் சாதாரணக் கேள்விகள் வழியாகவே வரும். அந்த ஊரில் டயாலிசிஸ் வசதி உண்டா, அப்பாவையும் அழைத்துப் போக முடியுமா? அப்பாவின் விருப்பம் என்ன, அவரிடம் கேட்டீர்களா? நீங்கள் போனால் வாரத்துக்கு மூன்று முறை அவரோடு யார் போவார்கள்? சம்பளத்தில் இரண்டு இடத்துச் செலவும் தாங்குமா? ஒரு காகிதத்தில் எழுதி, உங்களை நன்றாக அறிந்த இரண்டு முதிர்ந்த விசுவாசிகளோடு உட்கார்ந்து பேசுங்கள், ஜெபியுங்கள். பதில் சொல்ல வேண்டிய தேதிக்குள் அடையாளம் எதுவும் வராவிட்டாலும் பரவாயில்லை. இரண்டில் எதுவும் பாவமில்லை என்றால் நல்லதாகத் தோன்றுவதைத் தெரிந்தெடுக்க உங்களுக்குச் சுதந்தரம் இருக்கிறது. பவுல் ஆசியாவில் வசனம் சொல்ல நினைத்தார், ஆவியானவர் தடுத்தார்; பித்தினியாவுக்குப் போக முயன்றார், அதற்கும் இடம் கிடைக்கவில்லை; பிறகுதான் மக்கெதோனியாவுக்கு வழி தெரிந்தது. அவர் துரோவாவில் உட்கார்ந்தபடி காத்திருக்கவில்லை, நடந்துகொண்டே இருந்தார், தேவன் வழியில் திருப்பினார். உங்களையும் திருப்ப அவரால் முடியும்.

இன்றிரவு ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை தாவீது கேட்கிறான். ஐந்தாம் வசனத்தில் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன் என்கிறான். இடையில் அவனுடைய சூழ்நிலை மாறியதாக எதுவும் எழுதியிருக்கவில்லை. உங்களால் இன்றைக்கு இரண்டாம் வசனம்வரைதான் மனதாரச் சொல்ல முடிகிறது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் வேதத்தில் உள்ள ஜெபம்தான், அவர் கேட்பார். மீதி நான்கு வசனங்களை உங்களுக்காகச் சொல்ல அந்தப் பாட்டியைப் போன்ற ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நானும் சொல்கிறேன்.